புளி போட்டுத் தேய்த்த பிஸ்டல்

மச்சான் போனில் சொன்னது இவ்வளவுதான். "டூப்ளே காலத்துப் பிஸ்டல் ஒண்ணு வந்திருக்கு மாப்ள, மூணு லட்சம் கேக்கறாங்க, நீ வந்து பாத்துட்டு சொல்லு." டூப்ளே என்றால் புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு ஆளுநர். மச்சான் அதே புதுச்சேரியில் ஆறு அறை வைத்து ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறார். வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரில் மாட்ட ஏதாவது வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கடலூர் முதுநகரில் சுவர்க் கடிகாரமும் பழைய பூட்டும் ரிப்பேர் பார்க்கிறவன், துப்பாக்கி நிபுணன் இல்லை. ஆனால் பழைய துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் விசைப்பெட்டியும் ஒரு வகையில் பூட்டுதான், உள்ளே வில், பல், தாழ் எல்லாம் இருக்கும், அதனால் பன்னிரண்டு வருடமாக அதைப் பற்றிப் படிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. எங்கள் ஊருக்கும் துப்பாக்கிச் சங்கதிக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1690ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் எல்லாம் விலையில் சேர்த்தி என்று பேச்சு. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயர். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றைக்கும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம். வெடித்துக் காட்டி விலை பேசுவது அப்படி எங்கள் ஊர் வழக்கம். நான் வெடிக்காமல் விலை சொல்லப் போனேன்.

போவதற்கு முன் என் முதல் அனுபவத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு சந்தேகப் பிராணி என்று புரியாது. எட்டு வருடத்துக்கு முன்னால் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு கம்பெனி பிஸ்டல் வாங்கினேன். ஆறாயிரம் ரூபாய். பக்கத் தகட்டில் கம்பெனியின் இதய வடிவ முத்திரை, நாலாகப் பிரித்து உள்ளே எழுத்து, மேலே 4 மாதிரி ஒரு கோடு, அதற்குப் பக்கத்திலேயே கிரீடம் தூக்கி நிற்கும் சிங்கம். பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது, அந்த இதய முத்திரையை விட்டுவிட்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கம்பெனி சிங்கத்துக்கு மாறியது என்று. ஒன்று போய் மற்றது வந்தது. ஒரே தகட்டில் இரண்டையும் ஒரே ஆழத்தில் அடித்தவன் இரண்டு படத்தையும் ஒரே புத்தகத்தில் பார்த்து அடித்திருக்கிறான். எழுத்தில் ஒன்று கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி வேறு இருந்தது. திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் நம்ம ஹார்டுவேர் கடை மில்லிமீட்டர் மரை, அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. கடைசியாகக் குழலின் பக்கத்தில் நெருப்பு உள்ளே போக ஓட்டை இருக்க வேண்டுமே, அதைத் தேடினேன். நான் அதைக் காது என்றுதான் சொல்வேன். காதே இல்லை. பேருக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். பிஸ்டலுக்குக் காது குத்தவில்லை, எனக்குத்தான் குத்தி அனுப்பியிருந்தார்கள். அது இன்றைக்கும் கடையில் காகிதம் பறக்காமல் இருக்க மேசைமேல் கிடக்கிறது.

சரி, இந்த முறை எடுத்துப்போன சாமான்கள்: சின்ன டார்ச், கடிகாரக்காரர் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி, வெர்னியர், காந்தம், ஒரு முழ நீளத்துக்கு வழவழப்பான மூங்கில் குச்சி, பென்சில், மெல்லிய மெஷின் எண்ணெய், பழைய வேட்டித் துணி, அப்புறம் வாய் வெவ்வேறு கனத்தில் அரத்தால் தேய்த்து வைத்திருக்கும் நாலு ஸ்க்ரூ டிரைவர். கடைசியாகச் சொன்னது முக்கியம். பழைய திருகாணியின் வெட்டு மெல்லியதாக, கையால் அறுத்ததாக இருக்கும். கடை ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் வழுக்கி வாயைக் கடித்துவிடும், அந்த ஒரு கீறலிலேயே விலை இறங்கும். கடித்த திருகாணி இருந்தால் எனக்கு முன்னால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்றும் அர்த்தம்.

வீடு குருசுக்குப்பத்தில். சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை அங்கே சொல்தா என்றுதான் சொல்வார்கள், பெரியவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் மனைவி, எண்பதுக்கு மேல், எல்லோருக்கும் ஆயா. பேச்சு முழுக்க பேரன்தான் பேசினான். தேக்கு அலமாரியிலிருந்து ஒரு பச்சைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து மேசைமேல் வைத்து, "டூப்ளே காலத்து ஒரிஜினல்ணே" என்றான். எப்படித் தெரியும் என்றேன். குழலின் பின்பக்க வாலில் விரலை வைத்துக் காட்டினான். அங்கே 13 என்று செதுக்கியிருந்தது. "1713ணே. 17ஐ விட்டுட்டுப் போட்டிருக்கான்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை. வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் உள்ளே குண்டு இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. நூறு வருடம் முன்னால் கெட்டித்துவிட்டு அப்படியே பரணில் போட்டது இன்றைக்கும் உயிரோடு இருக்கும், கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் கெட்டுப்போவதில்லை. அதனால் வாயை ஆள் இல்லாத சுவர்ப் பக்கம் திருப்பி, மூங்கில் குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, முட்டிய இடத்தில் வாயோரம் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து அதே குச்சியைக் குழலின் மேலே வைத்துப் பார்க்க வேண்டும். குச்சி முனை காதுக்கு நேராக வந்தால் காலி. வரவில்லை. குழல் வெளிப்பக்கம் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், குச்சி 17ல் நின்றுவிட்டது. அடிப்பக்கம் அடைத்திருக்கும் கட்டைத் திருகாணிக்குக் கொஞ்சம் கழித்தாலும் கணக்கு இடித்தது. மருந்தும் குண்டும் இருந்தால் அந்த அளவுக்குத்தான் உயரம் நிற்கும்.

பேரன் சிரித்துக்கொண்டே, "நாங்க சின்ன வயசுல இதை வெச்சு திருடன் போலீஸ் ஆடியிருக்கோம்ணே" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆயாவைத் திண்ணைக்குப் போகச் சொல்லிவிட்டு, பின்கட்டுக்கு எடுத்துப் போய், கிணற்று மேடை ஓரம் வாயை வானம் பார்க்க நிறுத்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு குழல் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். பழைய இரும்பில் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். துருவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், விரல் போனால் நான் கடிகாரம் பார்க்க முடியாது. இரண்டு மணி நேரம் ஊறட்டும் என்று விட்டேன், அதற்குள் காப்பியும் வந்தது. கவிழ்த்தபோது முதலில் செம்மண் தண்ணீர், அப்புறம் களிமண் உருண்டை, அதற்குள் காய்ந்த பூச்சிக் கூடு. குளவி! ஏதோ ஒரு வருடம் அலமாரிக் கதவு திறந்திருந்தபோது குழலுக்குள் வீடு கட்டியிருக்கிறது. குச்சி இப்போது சரியாக அடிவரை போனது. ஒருவேளை மண்ணுக்குப் பதில் ஈயம் தட்டுப்பட்டிருந்தால் நோண்டி எடுக்க முயன்றிருக்க மாட்டேன், அப்படியே வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லியிருப்பேன். துணி விட்டு உலர்த்தி, எண்ணெய் தடவி, அப்புறம்தான் மேசைக்கு எடுத்து வந்தேன்.

இப்போது அந்த 13. வாலைத் துணியால் துடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் 13க்கு முன்னால் இரண்டு எழுத்து இருந்தது. ஆன் 13. பிரெஞ்சில் ஆன் என்றால் ஆண்டு, நம்ம ஆண்டுக்கு ஏதோ ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. புரட்சிக்குப் பிறகு பிரான்சில் பழைய காலண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு 1792 செப்டம்பரிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்கள். அந்தக் கணக்கில் 13ஆம் ஆண்டு என்பது 1804 செப்டம்பர் முதல் 1805 செப்டம்பர் வரை. 1806 பிறந்ததும் அந்தக் காலண்டரே போய்விட்டது, ஆனால் அந்த ஆண்டு வடிவமைத்த குதிரைப்படைப் பிஸ்டலுக்கு ஆன் 13 என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆக இது செய்த வருடம் கூட இல்லை, மாடலின் பெயர். பைக்கில் மாடல் சொல்கிறோமே, அப்படி.

டூப்ளே ஆளுநராக இருந்தது 1742 முதல் 1754 வரை. கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே, அவர் போய் அரை நூற்றாண்டு கழித்துத்தான் இந்த மாடலே வருகிறது. பேரன் முகம் தொங்கிவிட்டது. ஆனால் எனக்கு அங்கேதான் ஆர்வம் கூடியது, ஏனென்றால் பொய் சொல்கிறவன் 1750 என்று முழு எண்ணாகச் செதுக்கியிருப்பான். யாருக்கும் புரியாத ஆன் 13ஐப் போட்டு யாரை ஏமாற்ற முடியும்?

பக்கத் தகட்டில் சாய்ந்த கையெழுத்தில் இரண்டு வரி. தேய்ந்து போயிருந்தது, ஆனாலும் எழுத்துப் பள்ளங்களில் ஒரு சிவப்பு நின்றதால் படிக்க முடிந்தது. துரு என்று நினைத்தேன். துரு இல்லை, குங்குமம். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு இதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஆயுத பூஜையில் நிஜ ஆயுதம் வைத்த வீட்டை நான் பார்த்தது இதுதான் முதல் முறை. குங்குமம் உதவியில் படித்தது: சார்ல்வில் இம்பீரியல் தொழிற்சாலை. சார்ல்வில் பிரெஞ்சு அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைகளில் ஒன்று. இம்பீரியல் என்றால் நெப்போலியன் பேரரசு, 1804க்குப் பிறகு. அவர் விழுந்து மன்னர் திரும்பி வந்ததும் அதே தகட்டில் ராயல் என்று மாறிவிடும். அந்த ஒரு சொல்லிலேயே பத்துப் பதினோரு வருட இடைவெளிக்குள் வந்துவிட்டோம். இதில் இன்னொரு வேடிக்கை. அந்த வருடங்களில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலேயே இல்லை, 1803ல் ஆங்கிலேயர் பிடித்து 1816ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஆக இது செய்த காலத்திலேயே இந்த ஊருக்கு வந்திருக்க வழி குறைவு. 1816க்கு அப்புறம் பழைய சரக்காக ஏதாவது கப்பலில் வந்திருக்கலாம், அல்லது பெரியவரே சைகோனிலிருந்தோ மார்செயிலிருந்தோ வாங்கி வந்திருக்கலாம். ஆயாவைக் கேட்டேன். "அவரு வரும்போதே இது இருந்துச்சுப்பா, இல்ல கல்யாணத்துக்கு அப்புறமா, ஞாபகமில்ல" என்றார். கதைக்கு விலை போட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். கடிதமோ போட்டோவோ இருந்தால் கதைக்கு விலை உண்டு, வாய்வார்த்தைக்கு இல்லை.

குறியை வைத்துக் காலம் பார்ப்பது ஆங்கிலத் துப்பாக்கியில் இன்னும் சுலபம். பர்மிங்காம் சோதனைச்சாலை 1813ல் சட்டம் போட்டு ஏற்பட்டது. அதன் முத்திரையோடு ஒன்றைக் காட்டி, தேவனாம்பட்டினம் கோட்டையில் இருந்த கிளைவ் பிடித்தது என்று யாராவது சொன்னால், கிளைவ் 1774லேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடலாம். பெல்ஜியம் லியேஜ் நகரத்து முட்டை வடிவக் குறிக்கு மேலே கிரீடம் இருந்தால் 1893க்குப் பிறகு, இல்லாவிட்டால் அதற்கு முன்.

அடுத்தது மாற்று வேலை. ஆன் 13 பிறந்தபோது சக்கிமுக்கிப் பிஸ்டல். விசையை இழுத்ததும் சுத்தியல் போல வந்து அடிக்கும் பாகத்துக்குக் குதிரை என்று பெயர். குதிரையின் வாயில் கல் இருக்கும், அது எஃகுத் தகட்டில் உரசி, பொறி கிண்ணத்து மருந்தில் விழுந்து, காது வழியாக உள்ளே போகும். நம்மிடம் இருந்ததில் கல்லும் இல்லை, கிண்ணமும் இல்லை. அதற்குப் பதில் குழல் பக்கத்தில் ஒரு குமிழ் பற்றவைத்து, அதன்மேல் கேப், அதாவது தட்டினால் வெடிக்கும் மருந்து வைத்த சின்ன மூடி, மாட்டும் முளை. நாட்டுத் துப்பாக்கியில் கேப் வைத்து அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807ல் இந்தத் தட்டினால் வெடிக்கும் மருந்துக்குக் காப்புரிமை வாங்கினார். கிண்ணத்துப் பொறியைக் கண்டு வாத்து பறந்துவிடுகிறது என்று எரிச்சலில் ஆரம்பித்த வேலையாம். படைகளுக்குள் அது முழுதாக வர 1840கள் ஆயிற்று, அப்போது கிடங்கில் கிடந்த சக்கிமுக்கிகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் இப்படி மாற்றினார்கள். தகட்டில் தடவிப் பார்த்தால் கிண்ணமும் அதன் வில்லும் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகளை அடைத்து அரம் போட்டது நகத்தில் தட்டுப்படுகிறது.

மாற்றிய பிஸ்டலுக்கு மாற்றாததைவிட விலை கம்மி, சேகரிப்பவர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான். அதனாலேயே இன்னொரு தில்லுமுல்லு நடக்கிறது: மாற்றியதை மறுபடி சக்கிமுக்கி ஆக்கி, முதலிலிருந்தே அப்படித்தான் என்று விற்பது. கிண்ணத்தைச் சுற்றி மருந்து எரிந்து அரித்த குழி இல்லாமல் புதுசாக இருந்தால் அதுதான் சங்கதி. இங்கே அந்தப் பிரச்சினை இல்லை, மாற்றியதை மாற்றியதாகவே விட்டிருந்தார்கள், அந்த அளவுக்கு நல்லது.

பித்தளைப் பாகங்களைப் பார்த்ததும் வருத்தமாகிவிட்டது. பிடியின் அடிமூடி, விசைக் காப்பு, குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை எல்லாம் தங்கம் மாதிரி மின்னுகின்றன. பேரன் பெருமையாகக் காட்டினான். அறுபது எழுபது ஆயுத பூஜை, புளியும் சாம்பலும். ஓரங்கள் சோப்புக்கட்டி போல உருண்டுவிட்டன, சோதனை அதிகாரிகள் அடித்த சின்னச் சின்ன முத்திரைகள் இருந்த இடத்தில் நிழல் மாதிரி ஒரு தடம். பித்தளையின் மேல் பழுப்பேறி ஒரு தோல் இருக்கும், அதுதான் வயதுக்குச் சாட்சி, அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் நேற்றுச் செய்தது போலத்தான். பளபளப்புக்கு விலை கூடும் என்று நினைப்பது குத்துவிளக்குக் கணக்கு, இதில் செல்லாது. நான் கடிகாரத்திலேயே இதைச் செய்து கெடுத்தவன், அதனால் ஆயாவைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

இரும்பில் கடல் காற்று வேலை காட்டியிருந்தது. ஆனால் பெரும்பாலும் கருஞ்சிவப்பாக உறைந்த பழைய துரு, அது இருக்கட்டும். விரலில் ஒட்டும் ஆரஞ்சு நிறப் பொடி இரண்டே இடத்தில். போலியில் துரு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும், ஆசிட் ஊற்றி ஈரத்தில் புதைத்து எடுப்பார்கள். நிஜத்தில் கை படும் இடம் தேய்ந்து வழவழப்பாகவும், கை படாத மூலை அரித்தும் இருக்கும். கட்டை வால்நட் மரம், இலேசு, நெளிந்த ரேகை. நம்மூர் அலங்காரப் பிஸ்டல்களில் சீசம் மரம் போடுகிறார்கள், கனத்திலேயே தெரிந்துவிடும். முன்பக்கம் கரையான் இரண்டு விரல் அகலத்துக்குச் சாப்பிட்டிருந்தது. குழல் வாயின் உள்விட்டம் வெர்னியரில் 17 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், மாடலுக்குச் சரியாக இருந்தது.

விசைப்பெட்டியைத் திறக்கலாமா என்று ஆயாவிடமே கேட்டேன், பேரனிடம் கேட்கவில்லை. "தொறந்து பாரு, நீ கெடிகாரக்காரன் தானே" என்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு நீளத் திருகாணி, ஒன்று கடிபட்டது, ஒன்று கன்னி கழியாதது. இரண்டையும் கலக்காமல் தனித்தனிக் காகிதத்தில் வைத்துக்கொண்டேன், கையால் மரை வெட்டிய காலத்தில் ஒன்று மற்றதன் ஓட்டைக்குப் பொருந்தாது. தகட்டை மரப்பிடியால் இலேசாகத் தட்டினால் தானாக வெளியே வந்தது.

உள்ளே வேறு உலகம். புளி எட்டாத இடம். தகட்டின் பின்பக்கம் சாம்பல் நிற எஃகு, அரம் போன ரேகை அப்படியே, ஓரத்தில் கறுத்துக் காய்ந்த எண்ணெய். குதிரையின் அச்சு, தாழ், மேலே பிடிக்கும் பாலம் எல்லாவற்றிலும் ஒரே சின்ன எழுத்து அடித்திருந்தது. அதாவது இந்தப் பாகங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் பிறந்தவை, இடையில் யாரும் பொறுக்கிச் சேர்த்தது இல்லை. வெளியே இருக்கும் பெரிய முத்திரையை யாரும் அடிக்கலாம், உள்ளே யாரும் பார்க்காத இடத்தில் ஐந்து பாகத்தில் ஒரே எழுத்தை அடிக்க எந்தப் போலிக்காரனுக்கும் பொறுமை இருக்காது. பத்து நிமிடம் டார்ச்சும் கண்ணாடியுமாக அப்படியே உட்கார்ந்திருந்தேன், மச்சான் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார்.

ஒரு குறை. மெயின் ஸ்பிரிங், வளைந்த வி வடிவ வில், வளைவுக்குப் பக்கத்தில் ஒடிந்து இரண்டு துண்டு. அதனால்தான் குதிரை தளர்ந்து ஆடியது. என் கை அரித்தது என்றுதான் சொல்ல வேண்டும். பழைய பெரிய கடிகார வில் ஒன்று கடையில் இருக்கிறது, அல்லது அறுவை வாள் எஃகு, செந்நிறம் வரச் சுட்டு, வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி நீலம் வரும்வரை மெதுவாகச் சூடு காட்டினால் ஒரு நாள் வேலை. "போட்டுக் குடுத்துடலாம்" என்று வாய்வரை வந்துவிட்டது.

அப்போதுதான் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன், இரண்டரை மணி நேரம் கழித்து. "லைசென்ஸ் இருக்கா?"

1959 ஆயுதச் சட்டத்தில் 45ஆம் பிரிவு பழைய ஆயுதத்துக்கு ஒரு விலக்கு கொடுக்கிறது. பலர் அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, பழசு என்றால் லைசென்ஸ் வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பழைய பாணியாகவோ தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ பழுதானதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாகவும் இருந்தால்தான் விலக்கு. அந்த ரிப்பேர் செய்தாலும் என்ற சொல் இருக்கிறதே, அது எனக்காகவே எழுதியது. வில் ஒடிந்திருக்கிறது, சுடாது, சரி. ஆனால் ஒரு கடிகாரக்காரன் ஒரே நாளில் புது வில் போட்டுவிடுவான். குழல் நல்ல நிலையில், காது திறந்து, முளை இறுக்கமாக. சட்டத்தின் கண்ணில் இது பழம்பொருள் இல்லை, துப்பாக்கி. நான் எவ்வளவு நல்ல மெக்கானிக்கோ அவ்வளவு சிக்கல்.

ஆயா அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். உள்ளே பெரியவர் பெயரில் லைசென்ஸ் புத்தகம், வாய் வழி கெட்டிக்கும் பிஸ்டல் ஒன்று என்று பதிவு, கடைசியாகப் புதுப்பித்த முத்திரை அவர் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால். அவரோடு அதுவும் முடிந்துவிட்டது. லைசென்ஸ்காரர் இறந்தால் வாரிசு அதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, 21ஆம் பிரிவுப்படி போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தாலும் உரிமை போய்விடாது, தகுதி உள்ளவருக்கு விற்க அனுமதி கேட்கலாம். ஒன்பது வருடமாக யாரும் இதைச் சொல்லவில்லை.

மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாருக்குத் தெரியப் போவுது மாப்ள, துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போயிடலாம்" என்றார். சுவரில் மாட்டி ஊரில் இருக்கும் டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுத்துப் போடும் இடத்தில் வைக்கப் போகிறவர் பேசுகிற பேச்சு அது. இதே பிஸ்டலை நான் பைக்கில் கடலூருக்குக் கொண்டுபோனால் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பாட்டில் இருக்கிறதா என்று பெட்டியைத் திறப்பார்கள், அப்போது என்ன சொல்வது?

அதற்குப் பிறகு விலைப் பேச்சு சீக்கிரம் முடிந்தது. மூன்று லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பேரன் போனில் ஒரு வெளிநாட்டு ஏலப் படத்தைக் காட்டினான், மாற்றாத சக்கிமுக்கி, முத்திரை எல்லாம் கூர்மையாக இருந்த ஆன் 13. அந்த விலையை ரூபாயாக மாற்றியிருக்கிறான். அங்கே பல நாடுகளில் இவ்வளவு பழையதை யாரும் வாங்கலாம். இங்கே வாங்க லைசென்ஸ் வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது, அந்த இரண்டில் ஒன்றைச் சுடாத பழசுக்கு ஒதுக்குகிறவர் அபூர்வம். வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றால் 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டியது தொல்பொருள், தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஆக அந்த ஏல விலை நமக்குச் சம்பந்தமே இல்லாத சந்தையின் விலை. நான் ஒரு தாளில் எழுதினேன்: உள்பாகம் முழுதும் அசல், கூட்டல். அரசாங்க மாடல், ஏராளமாகச் செய்தது, கழித்தல். கேப்புக்கு மாற்றியது, கழித்தல். பித்தளை முத்திரை அழிந்தது, பெரிய கழித்தல். கரையான், வில், சின்னக் கழித்தல். காகிதம் நேரானால் ஒரு லட்சத்துக்குள், அதுவும் ஆள் கிடைத்தால். காகிதம் இல்லாமல், இன்றைய தேதிக்கு, சுழி. அதற்குக் கீழேயும் போகலாம், வக்கீல் செலவு இருக்கிறதே.

பேரனுக்குக் கோபம். ஆயா மட்டும் தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "புளி போட்டது தப்பாப்பா?" என்று கேட்டார். என்ன சொல்வது? இனிமேல் துணியால் துடைத்தால் போதும் என்றேன்.

அடுத்த வாரம் வக்கீல் ஒருவரைப் பிடித்து மனு எழுதி, புத்தகத்தோடும் இறப்புச் சான்றிதழோடும் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள், தகடு மாட்டுவதற்கு நானும் கூடப் போனேன். விசைப்பெட்டியை அவர்கள் கண்ணெதிரே பூட்டி, ஒடிந்த வில்லை இரண்டு துண்டாகவே சின்ன உறையில் போட்டுக் கட்டினேன். ரசீதில் எழுத்தர் "பழைய கைத்துப்பாக்கி 1" என்று எழுதி நீட்டினார். அப்படி விடக் கூடாது. நாளைக்கு அனுமதி வந்து திரும்ப வாங்கும்போது என் மேசையில் காகிதம் அமுக்கிக்கொண்டிருக்கிறதே, அந்த மாதிரி ஒன்றைக் கொடுத்தாலும் ரசீதுக்குச் சரியாகத்தான் இருக்கும். போட்டோ எடுத்து இணைக்கச் சொல்லி, அடையாளங்களை நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: குழல் நீளம், வாய் அளவு, வாலில் ஆன் 13, தகட்டில் சார்ல்வில் இம்பீரியல், உள்பாக எழுத்து, முன்கட்டையில் கரையான் தின்ற அளவு, எழுத்துப் பள்ளத்தில் குங்குமக் கறை.

"குங்குமமும் எழுதணுமா சார்?" என்றார் எழுத்தர்.

எழுதச் சொன்னேன். அதை வேறு எந்த ஆன் 13இலும் பார்க்க முடியாது.